பேர் வெட்டின டிபன் டப்பா

மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சருக்கு இருந்த மரியாதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஜனவரி பிறந்துவிட்டால் என் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். கோகோ கம்பத்தில் யாராவது துணி உலர்த்தியிருப்பார்கள். விளையாட்டுச் சாமான் வைக்கும் என் அறையில், இடமில்லாத எல்லாச் சாமானும் வந்து உட்காரும். உடைந்த கரும்பலகை, சுதந்திர தினக் கொடிகள், சத்துணவு அண்டா. நானும் சும்மா விட்டவளில்லை. ஸ்டாஃப் ரூமில் எனக்குச் சண்டைக்கோழி என்று பேர் இருந்தது. என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டுமே, சண்டை போட்டவரைக்கும் கம்பம் காலியாக இருந்தது.

லஸ் பக்கம் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. மாடவீதிப் பெண்களும் வருவார்கள், கால்வாய் ஓரத்துக் குடிசைகளிலிருந்தும் வருவார்கள். சமூகப்பணி படித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை அவளுடைய கல்லூரி பயிற்சிக்காக எங்களிடம் அனுப்பியது. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் வருவாள். பிள்ளைகளுக்கு மனசில் ஏதாவது கஷ்டம் இருந்தால் அவளிடம் பேசலாம். பிள்ளைகள் அவளை அக்கா என்றார்கள். எனக்கும் அந்தப் பேரே பழகிவிட்டது.

முதலில் ஹெச்.எம். அறைக்கு வெளியே ஒரு மேஜையும் பெஞ்சும் போட்டு அக்காவை உட்கார வைத்தார்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். ஒருத்தியும் பக்கத்தில் போகவில்லை. இதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவளை என் அறைக்கு அழைத்துக்கொண்டேன். அங்கே யார் வந்தாலும் பந்து எடுக்க வந்தாள் என்றுதான் நினைப்பார்கள்.

அங்கேயும் முதல் சில வாரங்கள் யாரும் வரவில்லை. நான் கிழிந்த வாலிபால் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவள் எதிரே ஸ்டூலில் இருப்பாள். என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அழுகை எனக்கு வரவில்லை, கோபம்தான் வந்துகொண்டிருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் மேல் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண் என்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவர் சாப்பாட்டில் எது பிடித்துச் சாப்பிடுவார் என்று ஒருநாள் கேட்டாள். வத்தக்குழம்பு என்று சொன்னேன். சொல்லிவிட்டு வலையை மூஞ்சியில் வைத்துக்கொண்டு அழுதேன், அப்படி ஓர் அழுகை. அதன் பிறகு அவள் வருகிற நாள் எனக்கு விடிகிற விதமே வேறாக இருந்தது. அப்போது இதற்கு நான் ஒரு பேரும் வைக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

என்னுடைய கோகோ அணியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். மாடவீதிக் குடும்பம், அப்பா பாங்க்கில் வேலை, அம்மா பாட்டு சொல்லிக்கொடுப்பவர். வகுப்பில் அவள்தான் முதல். ஓட்டத்திலும் அவள்தான் முதல். அந்த வருஷம் அரைப்பரீட்சையில் கேள்வித்தாளைக் கையில் வாங்கினதும் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விரல்கள் மடங்கி விறைத்துக்கொண்டன, பேனாவைப் பிடிக்க முடியவில்லை. டாக்டரிடம் போனார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். கையில் கறுப்புக் கயிறு வந்தது. அடுத்த டெஸ்டில் மறுபடியும் அதே கதை. மைதானத்தைச் சுற்றி வந்தாலும் மூச்சு வாங்காத பெண் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினால் அது நெஞ்சுக்கூட்டு விஷயமில்லை என்று எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளைக் கூப்பிட்டு, பந்துக்குக் காற்றடித்துக்கொண்டு வா என்று என் அறைக்கு அனுப்பினேன். நான் வெளியே மைதானத்தில் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை அந்தப் பந்துக்குக் காற்று இறங்கிவிடும். கையில் பந்தோடு வருவாள், பந்தோடு போவாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் முழுப்பரீட்சையைக் கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்து எழுதினாள். அவளைப் பார்த்து இன்னும் சில பேர் வர ஆரம்பித்தார்கள். கால்வாய் ஓரத்திலிருந்து வரும் எங்கள் அணித் தலைவி, அவள் அப்பா குடித்துவிட்டு அடிக்கிற கதையை வேறு யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம் சொன்னாள். பிறகு அதை என்னிடம் சொன்னவளும் அவளேதான்.

அந்தக் கோடையில் அக்காவின் படிப்பு முடிந்தது. பயிற்சியும் முடிந்தது. மாடவீதிப் பெண் என்னிடம் வந்து கேட்ட ஒரே கேள்வி, அடுத்த வருஷம் அக்கா வருவார்களா என்பதுதான். அடுத்த வருஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு. வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டுமே என்று நேரே ஹெச்.எம்.மிடம் போனேன்.

ஹெச்.எம். நல்லவர்தான். ஆனால் கவர்ன்மென்ட் கொடுக்கிற பணியிடங்களில் அப்படி ஒரு வேலையே கிடையாது என்றார். பெற்றோர் சங்கப் பணம் தண்ணித் தொட்டிக்குப் போகிறது. தவிர, எங்கள் பள்ளியில் மனசு சரியில்லாத பெண்கள் இருக்கிறார்கள் என்று வெளியே பேச்சு வந்தால் அட்மிஷன் என்ன ஆகும் என்று அவருக்குக் கவலை. யாராவது புண்ணியவான் கொடுத்தால் ஆட்சேபம் இல்லை என்று முடித்துக்கொண்டார்.

புண்ணியவான்களுக்கு எங்கள் பள்ளியில் பஞ்சமில்லை. ஒவ்வொரு ஃபேன் இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு பேர் எழுதியிருக்கும். கரண்ட் போனால்தான் யார் கொடுத்தது என்று படிக்க முடியும். டியூப்லைட்டில் உபயம், பெஞ்சில் உபயம், சரஸ்வதி சிலையின் வீணைக்குக் கீழே உபயம். பேர் எழுத இடமுள்ள எதையும் கேட்டு வாங்கிவிடலாம். ஒரு பெண் உட்கார்ந்து இன்னொரு பெண் பேசுவதைக் கேட்பதற்குச் சம்பளம் வேண்டும் என்றால், அதில் பேரை எங்கே எழுதுவது?

கடைசியில் கொடுத்தவர் தி.நகரில் பனகல் பார்க் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. அவர் மனைவி எங்கள் பள்ளியில் படித்தவர். எங்கள் தண்ணீர்க் குடங்கள் எல்லாம் அவர் கடைக் குடங்கள்தான், அவருடைய அப்பா பேர் வெட்டியது. கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு முழுக்கக் கேட்டார். ஊரில் தன்னோடு படித்த ஒருவன் பரீட்சைக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடினவன் இன்றுவரை திரும்பவில்லை என்றார். பிறகு, அந்தப் பெண்ணுக்கு வருஷச் சம்பளம் எங்கள் கடைக் கணக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். பாண்டி பஜாரில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோப்பை வாங்கின அணிகூட அப்படி நடந்ததில்லை.

அக்கா ஜூனில் திரும்பி வந்தாள். பந்துகளுக்குக் காற்று மறுபடியும் இறங்கியது. மாடவீதிப் பெண் காலாண்டு, அரையாண்டு இரண்டையும் ஒழுங்காக எழுதினாள். எல்லாம் ஆண்டுவிழா வரைக்கும் நன்றாகத்தான் போனது.

ஆண்டுவிழாவுக்கு முந்தின வாரம் ஒரு மீன்பாடி வண்டி வந்து என் அறை வாசலில் நின்றது. வைக்கோல் வைத்துக் கட்டின சாக்கு மூட்டைகள். அண்ணாச்சி அனுப்பியது, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லையாம். பிரித்தேன். பளபளவென்று இரண்டு அடுக்கு எவர்சில்வர் டிபன் டப்பாக்கள். மூடிமேல் அவருடைய அப்பா பேர். அதன் கீழே அழகான எழுத்தில், 'மனநல உதவி பெற்ற மாணவிக்கு அன்பளிப்பு' என்று வெட்டியிருந்தது. அக்காவிடம் பேசின பெண்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்த மனுஷனின் தங்கமான மனசையும் அதில் இருந்த பைத்தியக்காரத்தனத்தையும் ஒன்றாகப் பார்த்தால் வேறென்ன வரும்? திரும்பினால் மாடவீதிப் பெண் பந்தோடு நின்றுகொண்டிருந்தாள். மூடியைப் படித்துவிட்டாள்.

"மிஸ், இது எங்களுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு வேண்டாம் மிஸ். நான் அக்காகிட்ட பேசவே இல்லைன்னு சொல்லிடுங்கோ. ஆத்துல அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். இந்த மாதிரி சேதி பள்ளிக்கூடத்தில் எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண்கூட வரவில்லை. திங்கட்கிழமை திருப்புதல் தேர்வில் மாடவீதிப் பெண்ணுக்கு விரல் மறுபடியும் மடங்கிக்கொண்டது. பொதுத்தேர்வுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஹெச்.எம்.முக்கும் விஷயம் புரிந்தது. ஆனால் அழைப்பிதழில் அண்ணாச்சியின் அண்ணன் கையால் பரிசளிப்பு என்று அச்சடித்தாகிவிட்டது. நீங்களே போய்ச் சொல்லுங்கோ என்றார். அவர் சொன்னால் அண்ணாச்சிக்கு மனசு கோணுமாம், நான் சொன்னால் இந்த டீச்சருக்குக் கோபம் ஜாஸ்தி என்று விட்டுவிடுவாராம். கெட்ட பேர் எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்க வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பேர் வெட்டுகிற மெஷின் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டாக, தம்ளராக, மணப்பெண்ணின் பேர் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் டப்பா எப்படி என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கோயிலுக்கு விளக்கு கொடுத்தாலும் பேர் போட்டுத்தானே கொடுக்கிறோம், இதில் என்ன குற்றம் என்றார். கத்தத்தான் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் கத்த முடியவில்லை.

"அண்ணாச்சி, உங்க கடையில வெட்டின பேரு எத்தனை வருஷத்துக்கு அழியாம இருக்கும்?" என்று கேட்டேன்.

"பாத்திரம் இருக்குற வரைக்கும் இருக்கும்மா. நம்ம வெட்டு லேசுல போவாது."

"அதுதான் எனக்குப் பயம். இந்தப் பொண்ணுங்களுக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆகும். டப்பாவும் சீரோட சேர்ந்து போகும். அங்க மாமியார் அதைத் தேய்க்கிறப்ப மூடியைப் படிப்பாங்க."

அண்ணாச்சி சீர்ப் பாத்திரம் வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். மெஷின்காரரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். ஊரில் பாதி வீட்டுச் சீர் அவர் கடையிலிருந்து போவது. மூடியைப் படிக்கிற மாமியார்களை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. கடை அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் பொது. குடம் கொடுத்தால் குடம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தச் சம்பளம் எங்கே போகிறது, யாருக்கு என்ன நடந்தது என்று மூத்த அண்ணன், கடையின் பெரியவர், கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அவர் கண்ணால் பார்க்காத எதற்கும் அடுத்த வருஷம் பணம் எடுக்க விடமாட்டாராம்.

"நூறு பேரு வேண்டாம் டீச்சரம்மா. நல்லா ஆயிட்டேன்னு சொல்ல ஒரே ஒரு ஆளு மேடைக்கு வரட்டும். அண்ணனுக்கு அது போதும்."

வருவாங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இந்த வாய் இருக்கிறதே, எனக்கு முன்னால் ஓடிப்போய் வாக்குக் கொடுத்துவிட்டு வரும். யாரை மேடையேற்றுவது? எந்தப் பெண்ணை ஏற்றினாலும் டப்பாவை அவள் தலையில் கட்டின கதைதான். ஏற்றாவிட்டால் அடுத்த வருஷம் அக்கா இல்லை. ஆதம்பாக்கம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். சைதாப்பேட்டை தாண்டும்போதுதான் அந்த ஒரு ஆள் யார் என்று எனக்கு உறைத்தது. அக்காவிடம் முதன்முதலில் பேசினது யார்? வலையை மூஞ்சியில் வைத்துக்கொண்டு அழுதது யார்? பஸ் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாள் ஹெச்.எம்.மிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு நாலு பேர் உங்களை என்ன சொல்லுவா என்று யோசித்தீர்களா டீச்சர் என்றார். யோசித்தேன். சண்டைக்கோழியோடு இன்னொரு பேர் சேரும், சேரட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஆண்டுவிழா அன்று கூடம் நிறைந்திருந்தது. கோலாட்டம், ஆங்கில நாடகம், முதல் மதிப்பெண் பரிசுகள் எல்லாம் முடிந்தன. தமிழ் டீச்சர் மைக்கில் அடுத்ததாக மனநல உதவி பெற்றவருக்கான அன்பளிப்பு என்று வாசித்தார். பெற்றோர் வரிசையில் தலைகள் திரும்பின. எந்தப் பெண், யார் வீட்டுப் பெண் என்று தேடின. பத்தாம் வகுப்பு வரிசையில் மாடவீதிப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தது எனக்கு ஓரத்திலிருந்தே தெரிந்தது. நான் மேடையேறினேன். பட்டுப்புடவையும் கான்வாஸ் ஷூவும், அதுதான் என் ஆண்டுவிழா அலங்காரம். ஏதோ நாற்காலி நகர்த்தத்தான் ஏறுகிறேன் என்று முதலில் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வெள்ளை வேட்டியில் நின்ற பெரியவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்களா என்று மெதுவாகக் கேட்டார். நான்தான் என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டேன். விசில் ஊதிப் பழகின குரலுக்கு மைக் தேவையில்லைதான், ஆனாலும் அன்றைக்கு வேண்டியிருந்தது.

"என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்குத் தூக்கமில்லை. உங்க பிள்ளைங்க மேல கத்திக்கிட்டுத் திரிஞ்சேன். இந்தப் பள்ளிக்கூடத்துல நான் பேசறதைக் கேட்க ஒரு ஆள் இருந்தாங்க. இவங்க கடைப் பணத்துல அந்த ஆள் இன்னும் இருக்காங்க. அதனால நான் நல்லாயிருக்கேன். இதை வாங்கிக்க எனக்கு வெட்கமில்லை."

யாரும் கைதட்டவில்லை. தட்டுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் மட்டும் டப்பாவை இரண்டு கையாலும் கொடுத்தார். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். பொய் சொல்வானேன், எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்த வேலைநாள் ஸ்டாஃப் ரூமில் அந்த டப்பாவில்தான் சாப்பிட்டேன். மூடியை எழுத்து தெரிகிற மாதிரி மேஜைமேல் வைத்தேன். இரண்டு பேர் படித்துவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தார்கள். கணக்கு டீச்சர் மட்டும் மோர் ஊற்றிக்கொண்டே, அந்தப் பெண் எந்தெந்தக் கிழமை வருகிறாள் என்று யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் என் பீரியடை எடுத்துக்கொள்வதை மட்டும் நிறுத்தவில்லை.

மிச்ச டப்பாக்களை அண்ணாச்சி திருப்பி எடுத்துக்கொண்டார். வெட்டினதை அழிக்க முடியாது, எடைக்குப் போடவும் மனசில்லை. அடுத்த முறை கடைக்குப் போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். கல்லாவில் அண்ணாச்சி, உள்ளே பெரியவர், பில் போடுகிறவர், மெஷின்காரர், எல்லோர் முன்னாலும் அதே டப்பா, அதே எழுத்து. பெரியவர் என்னைப் பார்த்துத் தன் மூடியைத் தட்டிக் காட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். அக்காவின் சம்பளம் நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கடையிலிருந்து வந்தது. எதிலும் பேர் வெட்டவில்லை. மாடவீதிப் பெண் மார்ச்சில் எல்லாப் பரீட்சையும் எழுதினாள், கடைசித் தாள்வரை.

ஆனால் அந்தப் பள்ளியில் எனக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது ஆண்டுவிழாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான். கோகோ அணி முழுக்க என் அறை வாசலில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி, அக்காகிட்ட போனா லூசுன்னு சொல்வாங்களே என்று முணுமுணுத்தாள். அணித் தலைவி நிமிராமலே பதில் சொன்னாள்.

"பி.டி. மிஸ்ஸே போய்க்கினு வந்துச்சு. நமக்கு இன்னா?"

அப்போது மாடவீதிப் பெண் மைதானத்தைத் தாண்டி வந்தாள். எல்லோருக்கும் நடுவே, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"மிஸ், அக்கா வந்தாச்சா?"

உள்ளே இருக்காங்க, போ என்றேன். போனாள். கையில் பந்து இல்லை.